வண்டி வராத பாதை

லின்ஷோப்பிங், சுவீடன்
24 ஏப்ரல் 1994

அன்புள்ள ஹம்சா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றினது நல்லதாகப் போயிற்று. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. புளி தீர்ந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை வைத்து ரசம் பண்ணுகிறேன். காலேஜில் ஒரு வருஷம் லீவு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்தவனுக்கு ரசம் வைப்பதே பெரிய ஆராய்ச்சியாக இருக்கிறது.

இன்று நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும் போல இருக்கிறது. எங்கள் துறையில் குனில்லா என்று ஒருத்தி இருக்கிறாள். எனக்கு அடுத்த அறை. மார்ச் முழுக்க நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கவனித்திருக்கிறாள். தன் பழைய சைக்கிளைக் கொண்டுவந்து கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை தயாராக இரு என்றாள். நான் சைக்கிளில் ஏறி இருபது வருஷம் இருக்கும். முதல் பத்து நிமிஷம் குனில்லா சிரித்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

ஊரைத் தாண்டினதும் ஒரு கால்வாய். நூற்றறுபது வருஷத்துக்கு முன்னால் சிப்பாய்களை வைத்துக் கையாலேயே வெட்டினார்களாம். கரையோடு ஒரு சரளைப் பாதை. அந்தக் காலத்தில் படகை மாடு கட்டி இழுக்கப் போட்டது என்று குனில்லா சொன்னாள். இப்போது சைக்கிளும் மனுஷர்களும் மட்டும்தான் அதில் போகலாம். ஹம்சா, முப்பத்திரண்டு கிலோமீட்டர் போய் வந்தோம். ஒரு ஹாரன் சத்தம் கேட்கவில்லை. சக்கரத்துக்கடியில் சரளை நொறுங்குகிற சத்தம்தான். ஓரிடத்தில் படகை ஏற்றி இறக்க ஏழு மதகுகள், படிக்கட்டு மாதிரி. அங்கே உட்கார்ந்து குனில்லா கொண்டுவந்த காபியைக் குடித்தோம். அப்புறம் காட்டுக்குள் ஒரு பாதை, ஏற்றமும் இறக்கமுமாக. மரத்தடியெல்லாம் வெள்ளைப் பூ. ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கிற்று. குனில்லா நிற்காமல் ஏறிப்போய் மேலேயிருந்து கையாட்டினாள்.

நாற்பது வயசுக்கு இப்போதுதான் விளையாடத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

டெலிபோன் பில்லைக் கட்டிவிடு. அம்மாவுக்கு நமஸ்காரம்.

உன்,
ஸ்ரீவத்சன்


மயிலாப்பூர்
7 மே 1994

அன்புள்ள உங்களுக்கு,

கத்திரி தொடங்கிவிட்டது. தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. இன்று வரிசையில் எனக்கு முன்னால் பத்தொன்பது குடம். அங்கே நின்றபடிதான் உங்கள் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தேன்.

முதல் தடவை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். காட்டுப்பாதை வந்ததும் அம்மா, "யாருடி அது, குனில்லா?" என்றார். கூட வேலை பார்க்கிறவர் என்றேன். "புருஷன் கிடையாதா அவளுக்கு?" என்றார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

நான் கணக்கு டீச்சர். பழக்கதோஷத்தில் எண்ணிவிட்டேன். குனில்லா ஐந்து இடத்தில் வருகிறாள். நான் இரண்டு இடத்தில் வருகிறேன், அதில் ஒன்று கடிதத் தலைப்பில். இன்னொன்றையும் கவனித்தேன். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸை நீங்கள் "அவர்" என்பீர்கள். உங்கள் காலேஜில் என்னைவிடச் சின்னவளான லைப்ரேரியன் பெண்கூட உங்களுக்கு "அவர்"தான். அடுத்த அறைப் பேராசிரியை மட்டும் ஒரே மாதத்தில் "அவள்" ஆகிவிட்டாள்.

வயசு என்ன? எழுதவில்லையே.

உங்களுக்குச் சைக்கிள் விடத் தெரியும் என்பதே எனக்குச் செய்தி. பன்னிரண்டு வருஷமாகத் தெருமுனையில் பால் வாங்கவும் ஸ்கூட்டரை உதைத்துத்தானே பார்த்திருக்கிறேன்.

பில் கட்டியாயிற்று.

ஹம்சா


லின்ஷோப்பிங்
20 மே 1994

அன்புள்ள ஹம்சா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று யோசித்தேன்.

குனில்லா அவர்களுக்கு வயது நாற்பத்தாறு. விவாகரத்து ஆனவர். மகன் வேறு ஊரில் படிக்கிறான். எனக்கு அக்கா மாதிரி. இங்கே எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் "அவள்" என்று வந்துவிட்டது. மற்றபடி அதில் ஒன்றுமில்லை.

நீ வீணாகக் கற்பனை பண்ணிக்கொள்ளக் கூடாது என்று ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். போன ஞாயிறு எடுத்தது. பின்னால் மஞ்சளாகத் தெரிவது கடுகு மாதிரி ஒரு செடி, எண்ணெய்க்காகப் போடுகிறார்கள். மேடும் பள்ளமுமாக அடிவானம் வரை அதுதான். நடுவில் வளைந்து போகிறதே, அதுதான் நாங்கள் போகிற சரளைப் பாதை. என் முழங்காலில் கட்டு இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்துவிட்டேன். சரளையில் முன் பிரேக்கைப் பிடிக்கக் கூடாதாம். அவள்தான் தண்ணீர் விட்டுக் கழுவிக் கட்டினாள். அவர்.

இந்தப் பாதையில் போகும்போது உன்னை நினைத்துக்கொள்கிறேன். நீயும் இங்கே இருந்தால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அன்புடன்,
ஸ்ரீவத்சன்


மயிலாப்பூர்
4 ஜூன் 1994

அன்புள்ள உங்களுக்கு,

போட்டோவை அம்மாவிடம் காட்டவில்லை. அரை நிஜாரும் சிரிப்புமாக நிற்கிற உங்கள் அக்காவையும், அவர் சைக்கிள் இருக்கையில் கை வைத்துக்கொண்டு நிற்கிற தம்பியையும் பார்த்தால் பிரஷர் ஏறும். எனக்கு ஏறிற்று. பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். அப்புறம் எடுத்தேன். நாலு நாளாக அப்படித்தான். முதலில் அவளைப் பார்ப்பேன். நல்ல உயரம். கணுக்கால் இரும்பு மாதிரி. நரையை மறைக்கவில்லை. இவளுக்கு நான் எதில் குறைச்சல் என்று பார்ப்பேன்.

ஐந்தாம் நாள்தான் தெரிந்தது, நான் அவளைப் பார்க்கவே இல்லை. அவளுக்குப் பின்னால் இருக்கிற பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளைப் பார்த்து வந்த எரிச்சலைவிட அந்தப் பாதையைப் பார்த்து வந்த எரிச்சல் பெரிது.

நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது கை கூசவில்லையா என்று கேட்கமாட்டேன். உங்களுக்குத் தெரியாது. தெரியாததை இப்போது சொல்கிறேன்.

அடையாறு காந்தி நகரில் நாங்கள் இருந்தபோது, காலேஜ் மூன்று வருஷமும் ஞாயிறு விடியற்காலையில் என் அண்ணாவோடு நான் சைக்கிளில் கிளம்புவேன். திருவான்மியூர் தாண்டி, பக்கிங்காம் கால்வாய்க் கரையைப் பிடித்து, சவுக்குத் தோப்புக்குள் புகுந்து முட்டுக்காடு வரை போவோம். செம்மண்ணும் சரளையுமான கரை. ஒரு மாட்டுவண்டி வந்தால் அதிசயம். சரளையில் முன் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது என்று எனக்குப் பதினெட்டு வயசிலேயே தெரியும். உங்களுக்குச் சொல்ல குனில்லா வேண்டியிருந்தது.

கல்யாணமாகி வரும்போது அந்தச் சைக்கிளும் என்னோடு வந்தது. ஞாபகம் இருக்கிறதா? மூன்றாம் மாதம் உங்கள் அம்மா, சைக்கிள் விட்டால் கர்ப்பம் தங்காது என்றார். நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தைத் திருப்பினீர்கள். அடுத்த வாரம் சைக்கிள் உங்கள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டது.

பன்னிரண்டு வருஷமாக நான் சைக்கிள் விடவில்லை.

தண்ணீர் லாரி வந்துவிட்டது, போகிறேன்.

ஹம்சா


லின்ஷோப்பிங்
14 ஜூன் 1994

அன்புள்ள ஹம்சா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப்போட்டேன். அம்மா அப்படிச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. பெரியவர்கள் சொல்வது, ஏன் வாதாட வேண்டும் என்று இருந்துவிட்டேன். உனக்கு அவ்வளவு இஷ்டம் என்றால் அன்றைக்கே ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே? ஒரு சைக்கிள்தானே?

ஜூலையில் துறையில் நாலைந்து பேர் சேர்ந்து மூன்று நாள் கால்வாயோடு சைக்கிளிலேயே போவதாக ஏற்பாடு. ஒரு ஏரியில் தொடங்கி இன்னொரு ஏரியில் முடிகிறது. குனில்லாவும் வருகிறார். மறைத்தேன் என்று ஆகக் கூடாது என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதே.

ஸ்ரீவத்சன்


மயிலாப்பூர்
3 ஜூலை 1994

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு சைக்கிள்தானே என்று எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். ஒரு சைக்கிள்தானே என்று வாங்கிவிட்டேன்.

மந்தைவெளியில் ஷரீஃப் என்று ஒரு மெக்கானிக், பழைய வண்டிகளைப் பிரித்துச் சேர்த்து விற்கிறார். நான் கையை வைத்த வண்டியைப் பார்த்து, "இன்னா மேடம், இது ஜென்ட்ஸ் வண்டி. பார் கீது. லேடீஸ் வண்டி அந்தாண்ட கீது பாருங்க" என்றார். பார் இல்லாத வண்டி சரளையில் ஆடும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப டயர் தடிமனா போட்டுத் தர்றேன். சரளைக்கு அதான் நிக்கும்" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசினதில்லை.

வாசலில் நிறுத்தினதும் அம்மா வந்து பார்த்தார். "ஏண்டி, இந்த வயசுல இது தேவையா? தெருவே பாத்துண்டு நிக்கறது" என்றார். "உங்க பிள்ளை என்னைவிட அஞ்சு வயசு பெரியவர்மா. அவர் ஓட்டறதை எதிராத்து மாமிகிட்ட பெருமையா சொல்லிண்டிருந்தேளே" என்றேன். உள்ளே போய்விட்டார். அன்று ராத்திரி சாதத்துக்கு மோர் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்.

துணைக்கு யார் என்று கேட்பீர்கள். வெள்ளைத்துரை. எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர். ஒரு காலத்தில் ரேஸ் சைக்கிள் ஓட்டினவர். பட்டினப்பாக்கத்தில் வீடு. நான் சைக்கிளில் பள்ளிக்கூடம் வந்த அன்றே பார்த்துவிட்டார். "டீச்சர், மிதிக்கிறதப் பாத்தாலே தெரியுது. ஞாயித்துக்கெழம வர்றீங்களா?" என்றார். ஒரு ஞாயிறு போயாயிற்று. இன்று இரண்டாவது.

ஐந்தே கால் மணிக்கு அடையாறு பாலத்தில் அவர் நிற்பார். பெருங்குடிப் பக்கம் வரும்போது குப்பை எரிகிற புகை காற்றில் வந்து கண்ணைக் கரிக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிட்டால் கால்வாய்க் கரை. என் கரை அப்படியே இருக்கிறது. தண்ணீர்தான் கறுத்துவிட்டது. மூன்று மைல் தள்ளிப் போனால் அதுவும் தெளிகிறது. அப்புறம் சவுக்குத் தோப்பு, உப்பளம், நாரை. இரண்டு மணி நேரம் போனோம், ஒரு லாரி இல்லை, ஒரு பஸ் இல்லை. அவர் முன்னால் போவார். மேடு வந்தால் நான் முந்திவிடுவேன். அவர் சிரிப்பார். இன்று என் செயின் கழன்றது. அவர்தான் உட்கார்ந்து மாட்டினார். கையெல்லாம் கிரீஸ். அவருக்கு இட்லி கொண்டுபோயிருந்தேன். அவருக்கு மிளகாய்ப்பொடி பிடிக்கிறது.

உங்கள் மூன்று நாள் பயணம் நன்றாக நடக்கட்டும்.

ஹம்சா


லின்ஷோப்பிங்
16 ஜூலை 1994

ஹம்சா,

யார் இந்த வெள்ளைத்துரை? வயசு என்ன? குடும்பம் இருக்கிறதா?

நீ எழுதியிருப்பதை எண்ணினேன். எனக்கும் எண்ணத் தெரியும். ஒரே பாராவில் ஆறு "அவர்". நம் வீட்டில் நீ "அவர்" என்றால் அது ஒரு ஆளைத்தான் குறிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவும் தனியாக எழுதியிருக்கிறாள். நீ சுடிதார் போட்டுக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவதையும், எதிர்வீட்டு மாமி விசாரித்ததையும் எழுதியிருக்கிறாள். நான் இங்கே இருந்துகொண்டு என்ன பதில் சொல்வேன்? இந்த ஊரில் ஒரு பெண்ணோடு நான் சைக்கிளில் போனால் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. மயிலாப்பூர் அப்படியா?

மூன்று நாள் பயணம் போனேன். முதல் நாளே உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. கால்வாயைப் பார்க்கவில்லை. அந்த ஆள் உட்கார்ந்து செயின் மாட்டுவதையே பார்த்துக்கொண்டு மிதித்தேன். ஏன் பேசவில்லை என்று குனில்லா கேட்டார். வயிறு சரியில்லை என்றேன்.

நான் திரும்பி வரும்வரை நீ போக வேண்டாம். இதைக் கேட்டுக்கொள்வதாக எடுத்துக்கொள்கிறாயோ, சொல்வதாக எடுத்துக்கொள்கிறாயோ, உன் இஷ்டம்.

ஸ்ரீவத்சன்


மயிலாப்பூர்
4 ஆகஸ்ட் 1994

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்த ஞாயிறு நடந்தது வேறு யார் மூலமாகவும் உங்களுக்கு வருவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். நம் தெரு எல்.ஐ.சி. மாமா அன்று பஸ்ஸில் இருந்தார். ஆகவே வந்துவிடும்.

சோழிங்கநல்லூர் தாண்டி, கரையில் போய்க்கொண்டிருந்தோம். ஏழு மணி இருக்கும். வழக்கமாக முன்னால் போகிறவர் பின்தங்கினார். திரும்பிப் பார்த்தால் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். முகமெல்லாம் வேர்வை. "மார்ல கல்லு வெச்ச மாதிரி கீது டீச்சர்" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

வண்டி வராத பாதை என்று நீங்களும் நானும் எத்தனை தடவை எழுதியிருப்போம். அன்று ஒரு வண்டி வராதா என்று கத்தினேன். சவுக்குத் தோப்புதான் இருந்தது. ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர்.

அவரைத் தூக்கி என் கேரியரில் உட்காரவைத்தேன். எப்படி முடிந்தது என்று தெரியவில்லை. சரிந்தார். துப்பட்டாவை எடுத்து அவர் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்துக் கட்டினேன். அவர் தலை என் முதுகில் இருந்தது. சரளையில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. நடுவில் ஒரு இடத்தில் சக்கரம் வழுக்கிற்று. விழுந்தால் மறுபடி தூக்க முடியாது என்று மட்டும் தெரியும். "பேசுங்க சார், பேசுங்க" என்று சொல்லிக்கொண்டே மிதித்தேன். அவர் "தேவானை, தேவானை" என்றார். அது அவர் மனைவி.

ரோட்டுக்கு வந்தபோது மகாபலிபுரம் பஸ் நின்றிருந்தது. எல்லாத் தலையும் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. அதில்தான் எல்.ஐ.சி. மாமா. இறங்கி உதவிக்கு வந்தது அவர் இல்லை. மீன்கூடை வைத்திருந்த இரண்டு பெண்கள்தான் ஓடிவந்து வெள்ளைத்துரை சாரைப் பிடித்தார்கள், ஒரு வேனை மறித்தார்கள். அடையாறில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அரை மணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். இப்போது பரவாயில்லை. வயசு ஐம்பத்திரண்டு. நீங்கள் கேட்டிருந்தீர்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எழுத வேண்டியது. பதினோரு மணிக்கு தேவானை வந்தாள். டாக்டரிடம் பேசினாள், உள்ளே போய்ப் பார்த்தாள், வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். "நீங்கதான் ஹம்சா டீச்சரா?" என்றாள். ஆமாம் என்றேன். காலைப் பிடித்து நன்றி சொல்லப்போகிறாள் என்று பயந்துகொண்டிருந்தேன்.

"அவர் உசுரக் காப்பாத்துனீங்க. சாமி மாதிரி நீங்க. ஆனா மனசுல இருக்கிறத சொல்லிடறேன். ஒரு மாசமா எனக்கு உங்க மேல அப்டி ஒரு எரிச்சல்" என்றாள். "கோயிலுக்கு வாய்யான்னா கால் வலின்னுவாரு. ஞாயித்துக்கெழம ஆனா நாலு மணிக்கே எந்திரிச்சி சைக்கிள தொடச்சிகினு இருப்பாரு. வந்து ஒக்காந்தா, டீச்சர் இப்டி ஏறுச்சு, டீச்சர் அப்டி மிதிச்சிச்சு. நான் மீன ஆஞ்சிகினே கேட்டுகினு இருப்பேன். நீங்க தப்பானவங்கன்னு நெனச்சில்ல. ஒரு தபா, ஒரே ஒரு தபா, நீயும் வரியாடின்னு கேட்டாரா அந்த மனுசன்?"

"உங்களுக்கு சைக்கிள் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. கேட்டிருந்தா கத்துகினு இருப்பேன்ல?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கையில் சைக்கிள் கிரீஸ் இருந்தது.

நான் பட்டினப்பாக்கத்தில் ஒருத்திக்கு குனில்லாவாக இருந்திருக்கிறேன். இட்லி கட்டிக்கொண்டு போனபோது இது தோன்றவில்லை. உங்களுக்கு எழுதிய கடிதத்தில் அந்த "அவர்" எல்லாம் வேண்டுமென்றே போட்டது. எண்ணிப்பார்த்துவிட்டுத்தான் தபாலில் சேர்த்தேன். குனில்லாவைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் தப்பாக இருக்கலாம். அவருக்கு அது தெரிய வேண்டாம்.

ஆனால் உங்களைப் பற்றி நினைத்தது தப்பில்லை. நீங்களும் கேட்கவில்லை.

அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இன்று காலை காபி கொடுக்கும்போது, "அந்த மனுஷன் பொழச்சுண்டானா?" என்றார். பிழைத்துவிட்டார் என்றேன். "எத்தனை கனம் இருப்பான்?" என்றார். எண்பது கிலோ இருக்கும் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் காலைப் பார்த்தார்.

ஹம்சா


லின்ஷோப்பிங்
18 ஆகஸ்ட் 1994

அன்புள்ள ஹம்சா,

எல்.ஐ.சி. மாமாவின் செய்தி அம்மா மூலம் வரவில்லை. உன் கடிதம்தான் முதலில் வந்தது. நாலு தடவை படித்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதலாம். முதலில் வந்தது பெருமை இல்லை. துப்பட்டாவால் சேர்த்துக் கட்டினாய் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஒருத்தர் சாகக் கிடக்கிறார், எனக்கு அந்த இடத்தில் வயிறு எரிந்தது. இப்படி ஒருத்தனாக இருக்கிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

யோசித்துப் பார்த்தேன். வெள்ளைத்துரை மேல் இல்லை அது. ஜூலைக் கடிதத்தில் நீ எழுதியிருந்தாயே, மேடு வந்தால் நான் முந்திவிடுவேன் என்று. அந்த ஹம்சாவை நான் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன். நான் விமானம் ஏறி நாலே மாதத்தில் அவள் வெளியே வந்திருக்கிறாள். அவள் சிரித்ததைப் பார்த்தது யாரோ ஒரு பி.டி. மாஸ்டர். அதுதான் தாங்கவில்லை.

அன்றைக்கு நான் பேப்பர் படிக்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் பக்கத்தைத் திருப்பினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னதாக அர்த்தமில்லை. இங்கே இன்னும் ஒரு வருஷம் இருக்கிறாயா என்று ஜூன் மாதம் கேட்டார்கள். பத்தாம் தேதி சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். போட்டோவைப் பற்றி நீ எழுதின கடிதம் எனக்கு வந்து சேரும் முன்பே. உன்னைக் கேட்கவில்லை. மேலதிக ஆராய்ச்சி என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். உண்மையில் எனக்கு இன்னொரு கோடைக்காலம் வேண்டியிருந்தது. அந்தப் பாதை வேண்டியிருந்தது.

வேண்டாம் என்று இப்போதும் எழுதிக் கொடுக்கலாம். அக்டோபர் வரை நேரம் இருக்கிறது. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

ஸ்ரீவத்சன்


மயிலாப்பூர்
4 செப்டம்பர் 1994

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு வாரம் உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, நீ சொல்கிறபடி செய்கிறேன் என்கிறீர்கள். வா என்றால், நான் கெடுத்தவளாகிவிடுவேன். இரு என்றால், நீங்கள் நல்லவராகிவிடுவீர்கள். எப்படிப் போனாலும் உங்களுக்குப் பாதை இறக்கம்தான்.

ஆகவே நான் சொல்லப்போவதில்லை. இருப்பதா வருவதா என்பது உங்கள் கணக்கு. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். என் கணக்கை நான் போட்டுவிட்டேன்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஆழ்வார்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டேன். சிரிக்கக் கூடாது என்றான். அடுத்த மே மாதம் பள்ளிக்கூடம் மூடினதும், நீங்கள் அங்கே இருந்தால் ஒரு மாதம் அங்கே வருவேன். இல்லாவிட்டால் உங்களை முட்டுக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். எங்கேயானாலும் பெஞ்சில் உட்கார மாட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். உங்கள் தங்கை வீட்டில் போய் ஒரு மாதம் இருக்கிறேன் என்றார். உடனே சரி என்றது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்புறம், "அவன் கூப்பிட்டானா?" என்றார். இல்லை, நானாகத்தான் போகிறேன் என்றேன். "அதானே பாத்தேன்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

வெள்ளைத்துரை சாருக்கு இனிமேல் சைக்கிள் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு சத்தம் போடுகிறார். யாரைப் பார்த்து என்றால், தேவானையைப் பார்த்து. ஷரீஃப் ஒரு சின்ன வண்டி கொடுத்திருக்கிறார். நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன். நேற்று இருபது அடி தனியாகப் போய் ஒரு மீன்கடையில் முட்டிக்கொண்டு நின்றாள். "யோவ், பாத்தியா?" என்று அங்கிருந்தே கத்தினாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். நான் சாலையோரத்தில் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் இருவரையும் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைப்பானேன்.

குனில்லா மேல் இருந்த எரிச்சல் போய்விட்டதா என்றால், போகவில்லை. நியாயமில்லை என்று தெரிந்தும் போகவில்லை. அவரோடு நீங்கள் எல்லாப் பாதையும் பார்த்து முடித்திருப்பீர்கள். நான் வந்தால், இங்கே காபி குடித்தோம், இங்கே விழுந்தேன், இங்கே அவள் கையாட்டினாள் என்று காட்டிக்கொண்டே வருவீர்கள். எனக்கு அது வேண்டாம். ஒரு பாதையையாவது போகாமல் மிச்சம் வையுங்கள்.

ஹம்சா


லின்ஷோப்பிங்
18 செப்டம்பர் 1994

அன்புள்ள ஹம்சா,

இலைகள் மஞ்சளாகிவிட்டன. என் கணக்கை நானே போட்டேன். இன்னும் ஒரு வருஷம் இருக்கிறேன். எனக்கு ஆசை, அதனால் இருக்கிறேன். உன் பெயரில் சாக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் அப்படியே எழுதிவிட்டேன்.

இன்று கால்வாய்க்குப் போனேன். ஏழு மதகுகளுக்கு வடக்கே, ஏரியைத் தொட்டாற்போல் காட்டுக்குள் ஒரு சரளைப் பாதை பிரிகிறது. ஒரு கட்டை கட்டியிருக்கிறது, கார் போகாது. இலையுதிர் காலத்தில் அதுதான் அழகு, வா என்று குனில்லா கூப்பிட்டாள். இந்தப் பாதைக்கு நான் வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். என் மனைவி மே மாதம் வருகிறாள், இது அவளுக்கு என்றேன். நன்றாகச் சிரித்துவிட்டு அவள் மட்டும் போனாள். "அவள்" என்றே எழுதுகிறேன். மறுபடி "அவர்" போட்டால் நீ நம்பமாட்டாய்.

கட்டை ஓரமாக நாற்பது நிமிஷம் நின்றேன். கொஞ்ச தூரம் போய் ஒரு மேடு தெரிகிறது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. திரும்பி வந்து, அங்கே என்ன இருந்தது என்று அவள் சொல்லத் தொடங்கினாள். சொல்லாதே என்றேன்.

உனக்கு ஒரு சைக்கிள் பார்த்து வைத்திருக்கிறேன். கடைக்காரரிடம் சொல்லித் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். பச்சை நிறம், தடிமனான டயர். இருக்கையின் உயரத்தை இப்போதே சரிசெய்துவிடலாம், இடுப்பிலிருந்து குதிகால் வரை எத்தனை அங்குலம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் முன்னால் கையை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்தேன். என் தோள் வரை வருவாயா, அதற்கும் மேலேயா என்றுகூட நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அளந்து எழுது.

ஸ்ரீவத்சன்